நவலூர் குட்டப்பட்டுக்கும் திண்ணியத்துக்கும் எவ்வளவு தூரம்?

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. எவையெல்லாம் வன்கொடுமை என்று பட்டியலிடுவது அதன் மூன்றாவது பிரிவு. அந்தப் பட்டியலில் கொலை முதலில் வரவில்லை. குடிசைக்குத் தீ வைப்பதும் முதலில் வரவில்லை. உண்ணத்தகாத, அருவருப்பான பொருளை ஒரு தலித்தின் அல்லது பழங்குடியின் வாயில் திணிப்பதுதான் முதல் உட்பிரிவு. 2015 திருத்தத்துக்குப் பிறகு குற்றங்களின் பட்டியல் மிகவும் நீண்டுவிட்டது. இன்றும் முதலிடத்தில் இருப்பது அதுதான்.

நாடாளுமன்றம் ஏன் அதை முதலில் வைத்தது என்று தில்லியிலோ மும்பையிலோ சட்டம் படிக்கும் ஒருவருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். திருச்சி மாவட்டத்தில் வழக்கு நடத்தும் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. லால்குடி அருகே இருக்கிறது திண்ணியம். 2002 மே மாதம் அங்கே தலித் ஆண்கள் இருவர் ஒருவர் வாயில் ஒருவர் மலத்தைத் திணிக்க வைக்கப்பட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடும் வைக்கப்பட்டது. தொகுப்பு வீடு வாங்கித் தருவதாகச் சொல்லி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்ட ஒருவருக்குத் துணை நின்றார்கள் என்பதுதான் அவர்கள் செய்த 'குற்றம்'. சட்டம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அதன் முதல் உட்பிரிவு எழுத்துப் பிசகாமல் நடந்த மாவட்டம் இது.

திண்ணியத்துக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 2012-இல், இதே மாவட்டத்துக்குத் தேசிய சட்டப் பள்ளி ஒன்றை அமைக்கத் தமிழ்நாடு சட்டப்பேரவை தனிச் சட்டம் இயற்றியது. அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். பள்ளி ஸ்ரீரங்கம் வட்டத்துக்கே வந்தது. திண்டுக்கல் சாலையில் நவலூர் குட்டப்பட்டில் இருக்கும் அதற்கு இன்று தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்று பெயர். நவலூர் குட்டப்பட்டு காவிரிக்குத் தெற்கே. திண்ணியம் கொள்ளிடத்துக்கு வடக்கே. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. பேருந்தில் போனால் ஒரு காலைப் பொழுதுக்குள் போய்விடலாம். சட்டக் கல்வியின் வழியாகப் போவதென்றால் எவ்வளவு நேரமாகும் என்பதுதான் என் கேள்வி.

சாதி ஒரு விருப்பப் பாடமா?

இந்தியாவில் சட்டம் படிக்கும் எவரும் எதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதை இந்தியப் பார் கவுன்சில் முடிவு செய்கிறது. அதன் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் இருபது கட்டாயத் தாள்களையும் நான்கு கட்டாயச் செய்முறைத் தாள்களையும் வகுத்திருக்கின்றன. ஒப்பந்தச் சட்டம் இரண்டு தாள்கள். சொத்துச் சட்டம் உண்டு. நிறுவனச் சட்டம் உண்டு. வரிச் சட்டம் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு அந்தக் கட்டாயப் பட்டியலில் தனித் தாள் கிடையாது.

இதன் பொருள் என்ன? நாட்டின் எந்த மூலையிலும் ஒருவர் ஐந்து ஆண்டுகள் சட்டம் படித்து, பட்டம் வாங்கி, கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, அந்தச் சட்டத்தை ஒருமுறைகூட முழுதாக வாசிக்காமல் நீதிமன்றத்துக்குள் நுழையலாம். ஒரு நிறுவனத்தின் இயக்குநருக்கு என்ன பொறுப்பு என்று தெரியாமல் தேர்ச்சி பெற முடியாது. ஒரு வன்கொடுமை வழக்கை எந்தப் பதவியில் இருக்கும் காவல் அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று தெரியாமல் தேர்ச்சி பெறலாம்.

விருப்பத் தாளாக வைக்கலாமே, கருத்தரங்கு நடத்தலாமே என்பார்கள். வைக்கலாம்தான். சில ஆசிரியர்கள் தம் சொந்த முயற்சியில் நடத்தவும் செய்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். ஆனால் விருப்பத் தாளை யார் விரும்பி எடுப்பார்கள்? பெரும்பாலும் ஏற்கெனவே அந்த வலியை அறிந்தவர்கள். எந்த மாணவருக்கு அந்தப் பாடம் மிகவும் தேவையோ, நாளை அரசு வழக்குரைஞராகவும் நீதித்துறை நடுவராகவும் உட்கார்ந்து 'இது சாதிப் பிரச்சினை இல்லை, வாய்க்கால் தகராறு' என்று எழுதப் போகிறவர் எவரோ, அவர் அந்தத் தாளைத் தாண்டிப் போய்விடுவார். சாதியைப் படிப்பதா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வசதி ஆதிக்கச் சாதிப் பிள்ளைக்கு மட்டுமே இருக்கிறது. சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கு அது பிறந்த நாளிலிருந்தே கட்டாயப் பாடம்.

படிக்காத சட்டம் என்ன செய்யும்?

இது வெறும் பாடத்திட்டப் பிரச்சினைதானே என்று நினைக்கும் தோழர்களுக்காக, நீதிமன்றத்தில் அது என்னவாகிறது என்று சொல்கிறேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மற்ற குற்றவியல் சட்டங்களைப் போன்றதன்று. காவல்துறையும் அரசும் சாதிக்கு வெளியே நிற்பவை அல்ல என்ற புரிதலில் எழுதப்பட்டது அது. அதனால்தான் டி.எஸ்.பி. பதவிக்குக் கீழே உள்ளவர் புலன்விசாரணை செய்யக் கூடாது என்கிறது. அதனால்தான் முன்ஜாமீனுக்குத் தடை போடுகிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விடும் அரசு ஊழியருக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று நான்காம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. 15-ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஜாமீன் மனு விசாரணையிலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து கூடுமானவரை இரண்டு மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும்.

இவை ஒவ்வொன்றும் யாராவது கேட்டால்தான் நடக்கும். கேட்க வேண்டியவர் வழக்குரைஞர். கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாவிட்டால்?

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதை. பையனைச் சாதிப் பெயர் சொல்லி அடித்திருந்தார்கள். புகாரோடு போனவர்களுக்கு ஒரு காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகவே பல நாள் அலைந்தார்கள். பதிவானபோது அதில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இல்லை. கைகலப்பு வழக்கு மட்டும். எதிர்த்தரப்பிடம் ஒரு புகாரை வாங்கி, பையன் மீதும் ஒரு வழக்கு. முன்பு அவர்களுக்காக ஆஜரான வழக்குரைஞர் கெட்டவர் இல்லை. பணம்கூட அதிகம் வாங்கவில்லை. 'ரெண்டு பக்கமும் கேஸ் இருக்கு, பேசி முடிச்சிக்குங்க' என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். நான்காம் பிரிவையோ 15-ஏ பிரிவையோ அவர் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை. அந்த அம்மா என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு அவருக்கு யாரும் சொல்லித் தரலையா தம்பி?"

தெரிந்தவர்கள் கையில் அந்தச் சட்டம் என்ன செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2015-இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். பாதிக்கப்பட்டவர்கள் தாம் விரும்பும் மூத்த வழக்குரைஞரை அரசுத் தரப்பில் நியமிக்கக் கோரலாம் என்று இச்சட்டத்தின் விதிகளில் ஓர் இடம் இருக்கிறது. அவருடைய தாயார் சித்ரா அந்த உரிமைக்காக விடாமல் போராடினார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்குரைஞராக நடத்தினார். முக்கியச் சாட்சி பிறழ்ந்த பிறகும், 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை கிடைத்தது. தமிழ்நாட்டின் சாதி ஆணவக் கொலை வழக்குகளில் அது ஒரு மைல்கல். ஒவ்வொரு தாயும் சித்ராவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். விதியைத் தெரிந்த வழக்குரைஞர் ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலை நாம் மறந்துவிடவில்லை. 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரைக் குற்றவாளிகளாக்கியது. உடனே வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்தை விட்டு வெளியேறி நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது. குற்றஞ்சாட்டப்பட்டவர் யார் என்ற ஒரு வரி மாறினால் ஒரு சட்டத்தின் பாதுகாப்பு முழுவதும் எப்படி விலகிவிடுகிறது என்பதை ஒரு சட்ட மாணவர் படிக்க இதைவிட வேறென்ன வழக்கு வேண்டும்?

வாசலில் நிற்கும் ஆங்கிலம்

பாடத்திட்டத்தில் என்ன இல்லை என்று பார்த்தோம். வகுப்பறையில் யார் இல்லை என்ற கேள்வியும் அதோடு சேர்ந்ததுதான்.

திருச்சியில் அரசு நடத்தும் சட்டக் கல்வி இரண்டு தளங்களில் நடக்கிறது. ஒன்று, 1979-இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி. அங்கே ஐந்தாண்டுப் படிப்பில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். கட்டணம் கூலி வேலை செய்யும் குடும்பமும் தாங்கக்கூடியது. தமிழில் தேர்வு எழுதலாம். என்னைப் போன்ற முதல் தலைமுறை வழக்குரைஞர்களை உருவாக்கியவை இத்தகைய அரசுக் கல்லூரிகள்தான். இன்னொன்று, நவலூர் குட்டப்பட்டின் தேசிய சட்டப் பல்கலைக்கழகம். அதன் இளநிலைப் படிப்புகளுக்கு வாசல் கிளாட் என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வு.

தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை 2007-இலேயே ஒழித்த மாநிலம் நம்முடையது. கிராமத்துப் பிள்ளைகளையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் அது வடிகட்டி வெளியே தள்ளுகிறது என்று சொல்லித்தான் ஒழித்தோம். அந்த நியாயம் நவலூர் குட்டப்பட்டின் மதில் சுவரோடு நின்றுவிட்டது.

கிளாட் எப்படிப்பட்ட தேர்வு? இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைப்பு. ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பத்திகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக வாசித்து விடையளிக்க வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 3,500 ரூபாய். தேர்வு எழுதும் முன்பே, சேர்வோமா என்று தெரியும் முன்பே, இவ்வளவு. பயிற்சி மையத்துக்குக் கட்டும் தொகை தனி. வென்று உள்ளே போனால் ஆண்டுக் கட்டணம் இலட்சங்களில். நீட் தேர்வு தமிழ் உட்படப் பல மொழிகளில் நடக்கிறது. அதையே நாம் எதிர்க்கிறோம். ஆங்கிலம் ஒன்றிலேயே நடக்கும் கிளாட்டைப் பற்றி நம் மேடைகளில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

இடஒதுக்கீடு இருக்கிறதே என்று ஒரு பதில் வரும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கான இடங்களில் இருக்கிறது. போராடிப் பெற்றது, அதில் ஒரு இடம்கூடக் குறைய விட மாட்டோம். ஆனால் இடஒதுக்கீடு வாசலுக்குள் இருக்கை போடுகிறது. வாசல் வரை வரும் வழியை மொழியும் பணமும் அடைத்துவிட்டால், அந்த இருக்கையில் ஒடுக்கப்பட்ட சமூகத்தின் எந்தப் பகுதி வந்து உட்கார முடியும்? நகரத்தில் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப முடிந்த குடும்பத்துப் பிள்ளை வருவது மகிழ்ச்சியே. அவரும் சாதியைச் சுமந்துதான் வருகிறார். துறையூர்ப் பக்கம் பச்சமலையில் இருந்து ஒரு பழங்குடிப் பெண்ணும், மணப்பாறையில் தூய்மைப் பணியாளரின் மகனும் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

'தரம் என்னாவது?' என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். 1951-இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்சநீதிமன்றம் செல்லாது என்று சொன்னபோதும் பேச்சு தகுதியைப் பற்றித்தான் இருந்தது. பெரியார் தலைமையில் தமிழ்நாடு கொந்தளித்தது. அரசமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 15(4) என்ற பிரிவு அப்படிப் பிறந்தது. இன்று அதை விளக்கச் சொல்லும் ஆங்கிலப் பத்தியை வேகமாகப் படிக்கத் தெரியவில்லை என்பதற்காக, அந்தப் பிரிவு யாருக்காகப் பிறந்ததோ அவர்களின் பேரப்பிள்ளைகள் வெளியே நிறுத்தப்படுகிறார்கள்.

நீதிமன்றம் பேசும் மொழி

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இவ்வளவு ஆங்கிலத்தையும் கேட்டு வாங்கும் சட்டக் கல்வி, திருச்சி நீதிமன்றத்துக்கு வந்தால் பாதி ஊமையாகிவிடும். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. முதல் தகவல் அறிக்கை தமிழில் இருக்கிறது. நிலப் பத்திரமும் சிட்டாவும் அடங்கலும் தமிழில் இருக்கின்றன. குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வியை எந்தச் சொல்லில் கேட்கிறோம் என்பதில்தான் வழக்கே நிற்கிறது. சாட்சிக் கூண்டில் நிற்கும் பாட்டி, 'அவுங்க தெருப் பக்கம் செருப்பு போட்டுப் போகக் கூடாதுங்க' என்று சொல்வதில் இருக்கும் குற்றத்தைப் பிடித்து, அதைச் சட்டத்தின் உட்பிரிவாக மாற்றத் தெரிந்தவரே அங்கே தேவை. மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் பன்னாட்டு முதலீட்டுத் தகராறுகளை ஆங்கிலத்தில் வாதிட்டு வெல்லும் நம் மாணவர்களுக்கு அந்தத் திறமை இல்லாமல் இல்லை. அதைப் பழக அவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழ்நாடு சட்டப்பேரவை 2006-லேயே தீர்மானம் போட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 348(2) பிரிவு அதற்கு இடம் தருகிறது. அலகாபாத், பாட்னா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் உயர்நீதிமன்றங்களில் இந்தி இருக்கிறது. நமக்கு மட்டும் இன்னும் மறுப்பு. ஆகவே ஆங்கிலம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அம்பேத்கரின் ஆயுதங்களில் ஒன்று ஆங்கிலம். பம்பாய் அரசு சட்டக் கல்லூரிக்கு 1935-இல் முதல்வராக வந்தவர் அவர். சேரிப் பிள்ளைக்கு ஆங்கிலத்தைக் கல்லூரி கற்றுத்தர வேண்டும். ஏற்கெனவே கற்றிருந்தால்தான் கல்லூரிக்குள் வரலாம் என்பது வேறு விஷயம்.

ஸ்ரீரங்கம் கற்றுத்தரும் பாடம்

சட்டம் படித்தவர்கள் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார்கள் என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? பதில் ஸ்ரீரங்கம் வட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது.

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற நோக்கில் பயிற்சிப் பள்ளிகள் 2007-இல் தொடங்கப்பட்டன. வைணவ அர்ச்சகர்களுக்கான பள்ளிகளில் ஒன்று ஸ்ரீரங்கத்தில் நடந்தது. பயிற்சி முடித்தவர்கள் பல ஆண்டுகள் வேலைக்காகக் காத்திருந்தார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பணி நியமனம் செய்தது. குமாரவயலூர் முருகன் கோயிலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். 2023-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆகமத்தைக் காரணம் காட்டி அந்த நியமனங்களை ரத்து செய்தது.

வயலூருக்கும் நவலூர் குட்டப்பட்டுக்கும் அதிகத் தூரமில்லை. சமத்துவம் பற்றிய 14-ஆம் பிரிவும், தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவும், மத நிர்வாகம் பற்றிய 25, 26-ஆம் பிரிவுகளும் ஒன்றோடொன்று மோதும் இடம் அந்தக் கருவறை. அரசமைப்புச் சட்ட வகுப்புக்கு அதைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது. 1957-இல் சாதியைப் பாதுகாக்கும் பிரிவுகளைக் கொளுத்தும் போராட்டக் காலத்தில் ஆற்றிய உரைகளுக்காகப் பெரியார் விசாரிக்கப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றதும் இதே திருச்சி நீதிமன்றத்தில்தான். அந்தப் போராட்டத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். பிரிவு 17 தீண்டாமையை ஒழித்தது, சாதியை ஒழிக்கவில்லை என்று அவர்கள் சொன்னதை ஏற்கலாம், மறுக்கலாம். திருச்சியில் சட்டம் படிக்கும் ஒரு மாணவர் அந்த வழக்கையே அறியாமல் பட்டம் வாங்குவது மட்டும் எப்படிச் சரியாகும்?

தீர்ப்புகள் ஆகமத்திலிருந்து மட்டும் வருவதில்லை. தீர்ப்பு எழுதுகிறவர்களிடமிருந்தும் வருகின்றன. 2018 முதல் நாடெங்கும் நியமிக்கப்பட்ட 715 உயர்நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22 பேர், பழங்குடியினர் 16 பேர், பிற்படுத்தப்பட்டோர் 89 பேர். ஒன்றிய அரசே 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. உயர்நீதிமன்ற நியமனத்தில் இடஒதுக்கீடு இல்லை என்பது தெரிந்ததே. அந்த வரிசையின் முதல் படி சட்டக் கல்லூரியின் சேர்க்கைப் பட்டியல். அங்கே அடைக்கும் கதவு முப்பது ஆண்டுகள் கழித்து நீதிபதியின் இருக்கையில் தெரிகிறது.

ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி

2008 நவம்பர் 12-ஐ இந்தத் தலைமுறை படித்துத்தான் தெரிந்திருக்கும். சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியின் பெயரைச் சுவரொட்டியில் போடும்போது அம்பேத்கர் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். அதிலிருந்து மூண்ட மோதல் தொலைக்காட்சியில் நாடெங்கும் ஓடியது. சட்டம் படிக்கும் இடத்திலேயே சாதி இவ்வளவு வெறியோடு இருக்கிறதே, பாடத்தை எப்படி மாற்றுவது, விடுதியை எப்படி மாற்றுவது என்று யோசித்திருக்க வேண்டும். நடந்தது என்ன? நீதிபதி சண்முகம் ஆணையத்தின் பரிந்துரையைக் காட்டி, உயர்நீதிமன்றத்தின் நிழலில் நூறாண்டுக்கு மேல் இருந்த கல்லூரியைப் பிரித்து, 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் அனுப்பினார்கள். சாதியை விட்டுவிட்டார்கள், கல்லூரியை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். பகலில் வகுப்பு, மாலையில் சீனியரின் அலுவலகம் என்று வாழ்ந்த ஏழை மாணவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி!

நவலூர் குட்டப்பட்டும் நகருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம்தான் இருக்கிறது. வளாகம் தூரமாக இருப்பது ஒன்றும் குற்றமில்லை. அங்கிருந்து மாணவர்களை மக்களிடம் கொண்டுபோக வழி வேண்டும். அந்த வழியும் விதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சட்டக் கல்வி நிறுவனமும் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்கிறது பார் கவுன்சில். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். இரண்டையும் சேர்த்துவிட்டால் போதும். பாதி வேலை முடிந்துவிடும்.

என்ன கேட்கலாம்?

தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. கல்விக் கடனோடு வெளியே வரும் பிள்ளை பெருநிறுவன வேலைக்குப் போவதைக் குறை சொல்ல நான் யார்? அந்த வளாகத்தை மூட வேண்டும் என்பதும் என் வாதமில்லை. நம் வரிப்பணத்தில், நம் சட்டப்பேரவை இயற்றிய சட்டத்தால் எழுந்த நிறுவனம் அது. அதனால்தான் உரிமையோடு கேட்கிறோம்.

ஒன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கட்டாயத் தாள் வேண்டும். பார் கவுன்சில் செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பார் கவுன்சில் விதிப்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் கூட்டிக்கொள்ளத் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் தடை இல்லை.

இரண்டு. கிளாட் தேர்வைத் தமிழிலும் பிற மொழிகளிலும் நடத்த வேண்டும். அதுவரை தமிழ்நாட்டுக்கான இடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் நிரப்ப மாநில அரசு வழி காண வேண்டும். சேர்ந்த பிறகு முதலாண்டில் ஆங்கிலப் பயிற்சியைப் பல்கலைக்கழகமே தன் செலவில் தர வேண்டும்.

மூன்று. எந்தப் பிரிவில், எந்த வகைப் பள்ளியிலிருந்து, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இடையில் நின்றார்கள், ஆசிரியர்களில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்ற விவரத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நான்கு. சட்ட உதவி மையங்கள் வளாகத்துக்குள் பெயர்ப்பலகையாக நிற்கக் கூடாது. லால்குடியிலும் துறையூரிலும் மணப்பாறையிலும் வாரம் ஒருநாள் உட்கார வேண்டும். புகார் எழுதுவது, சி.எஸ்.ஆர். ரசீதை முதல் தகவல் அறிக்கையாக்குவது, 15-ஏ பிரிவில் மனு போடுவது எல்லாம் தமிழில் நடக்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும்.

ஐந்து. அரசு சட்டக் கல்லூரியின் நூலகமும் விடுதியும் ஆசிரியர் எண்ணிக்கையும் நவலூர் குட்டப்பட்டுக்குச் சமமாக வர வேண்டும். ஒரே ஊரில் ஏழைக்கு ஒரு சட்டக் கல்வி, வசதியானவருக்கு ஒரு சட்டக் கல்வி என்பதைச் சமூகநீதி பேசும் எந்த அரசும் நியாயப்படுத்த முடியாது.

இதை வாசிக்கும் சட்ட மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்காதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகள் இருபது சொச்சம்தான், விதிகளும் அதிகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான்கைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து முதல் உட்பிரிவிலிருந்து சத்தமாக வாசியுங்கள், தமிழில் விளக்கிப் பாருங்கள். அடுத்த ஞாயிறு உங்கள் ஊர்ச் சேரிக்குப் போங்கள். எத்தனை புகார்கள் இன்னும் வெறும் ரசீதாகவே கிடக்கின்றன என்று கேளுங்கள். அந்த ரசீதுகளோடு வாருங்கள். வழக்காக்க எங்களைப் போன்றவர்கள் நீதிமன்றத்தில் இருக்கிறோம்.